பொந்து மரங்களை விட்டுவையுங்கள்

வீட்டுச் சுவரில் புலிமுகச் சிலந்தியைக் கண்டால் முரசுமோட்டையில் முதலில் கைக்கு வருவது தும்புத்தடிதான். பிள்ளைகள் உள்ள வீடுகளின் பயத்தை நாம் குறைசொல்லவில்லை. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் காட்டில் இருக்கவேண்டியது வீட்டுக்கு ஏன் வந்தது?

2009 ஒக்ரோபரில் மாங்குளத்தில் கிராமவாசி ஒருவர், செத்த புலிமுகச் சிலந்தி ஒன்றை ரனில் நாணயக்காரவின் ஆய்வுக் குழுவிடம் கொடுத்தார். போர் ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மாங்குளக் காட்டில் அந்தக் குழுவுக்கு வழிகாட்டிய பொலிஸ் அதிகாரி மைக்கல் ராஜகுமாரின் பெயரால், 2012இல் அது 'பொயிசிலோதீரியா ராஜேயி' என்ற புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. காலை விரித்தால் 8 அங்குலம், ஒரு சோற்றுக் கோப்பை அளவு. கால்களில் மஞ்சள் அடையாளங்கள், உடலில் மென்சிவப்புப் பட்டை.

முதிய மரப்பொந்துகளே இதன் வீடு. பெண் சிலந்தி பொந்தை விட்டு அதிகம் அசையாது. இணை தேடி அலைவது ஆண்தான். மாங்குளம் பழைய ஆஸ்பத்திரியின் வைத்தியர் விடுதியிலும் இவை காணப்பட்டன. காடு அழிய, பொந்து மரங்கள் குறைய, பாழடைந்த கட்டடங்களுக்குள் ஒதுங்குகின்றன என்றே ஆய்வாளர்கள் கருதினர்.

பாலை மரத்தில் ஒரு பொந்து விழப் பல பத்தாண்டுகள் செல்லும். வெட்டிய இடத்தில் தேக்கங்கன்று நட்டு அதை ஈடுசெய்ய முடியாது. மாங்குளப் பக்கக் காடுகளூடாக வரும் கனகராயன் ஆறுதான் இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. முரசுமோட்டை வயல்கள் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. சிலந்திக்கு வேண்டிய காடு நமக்கும் வேண்டிய காடு.

மீளக்குடியேறிய மக்களின் காணிகளைக் காடென்று சொல்லி எல்லைக்கல் போடுவதை நாம் ஏற்கவில்லை. நாம் கேட்பது வேறு. காணி துப்புரவாக்க அனுமதி கொடுக்கும்போது பொந்துள்ள முதிய மரங்களை அடையாளமிட்டு வெட்டாமல் விடுங்கள். இரவில் முதிரையும் பாலையும் ஏற்றிச் செல்லும் வாகனங்களை வன வளத் திணைக்களமும் பொலிஸாரும் வீதியிலேயே மறிக்கவேண்டும்.

பொயிசிலோதீரியா பேரினச் சிலந்திகளின் சர்வதேச வர்த்தகம் 2019இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மரம் தறிபடுவதை அது தடுக்காது. அதைத் தடுக்கவேண்டியவர்கள் இங்கேயே இருக்கிறோம்.

அடுத்தமுறை வீட்டில் ஒன்றைக் கண்டால் அடிக்காதீர்கள். கையால் தொடாமல் வாளியால் மூடி, அடியில் மட்டையொன்றைச் செருகி, காட்டோர மரத்தடியில் கொண்டுபோய் விடுங்கள்.