உரிமை தெரிந்தால் போதாது, வழியும் தெரிய வேண்டும்

நீதிமன்றம் என்றதும் நம் மாணவர்கள் பலருக்கு நினைவில் வருவது அமெரிக்கத் தொடர்களில் பார்த்த ஜூரிகள்தான். மலேசியாவில் ஜூரி முறை 1995-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இங்கு உயர் நீதிமன்றத்தில் ஒரு சிவில் வழக்கை நீதிபதி ஒருவரே விசாரித்துத் தீர்ப்பளிக்கிறார். தொலைக்காட்சியில் வரும் நீதிமன்றம் தெரிந்த அளவுக்குச் சிரம்பான் நீதிமன்றம் நமக்குத் தெரியவில்லை என்பதே என் கவலை.

எஸ்.பி.எம். வரலாற்றுப் பாடத்தில் ரீட் ஆணையத்தைப் படிக்கிறோம். கூட்டரசு அரசியலமைப்பே நாட்டின் தலையாய சட்டம் என்று 4-ஆவது விதியும், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று 8-ஆவது விதியும் சொல்கின்றன. இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஓர் உரிமை பறிபோனால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது, எத்தனை நாளுக்குள் போவது? இது தெரியாவிட்டால் படித்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் படிப்போர் முதலில் சந்திக்கும் வழக்கே இதற்குச் சான்று. வில்லியம் மார்பரி என்பவருக்கு ஒரு நீதிப் பதவி வழங்கப்பட்டது. நியமன ஆணை கையெழுத்தாகியும் அவர் கைக்கு வரவில்லை. அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1803-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், மார்பரிக்கு உரிமை உண்டு, ஆனால் அவர் வந்த இடம் தவறு என்றார். அப்படி நேராக வர அனுமதித்த சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது, ஆகவே செல்லாது என்றும் தீர்ப்பளித்தார். நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்ற கொள்கை அங்கே வேரூன்றியது. மார்பரிக்கோ பதவி கிடைக்கவில்லை.

எந்த நீதிமன்றம் என்ற அதே கேள்வி நம் மாநிலத்திலும் ஒரு குடும்பத்தை உலுக்கியது. கணவர் மதம் மாறிய பின், பிள்ளைகள் தந்தையின் பொறுப்பில் என்று ஷரியா நீதிமன்றம் ஆணையிட்டது. 2014 ஏப்ரலில் சிரம்பான் உயர் நீதிமன்றம் அவர்களைத் தாயின் பொறுப்பில் விட்டது. இரண்டே நாளில் மகனைத் தந்தை கொண்டு சென்றார். எதிரெதிரான இரண்டு ஆணைகள் இருப்பதாகச் சொல்லிப் போலீஸ் ஒதுங்கி நின்றது. சிவில் முறையில் பதிவான திருமணத்தில் மணவிலக்கும் பிள்ளைகளின் பொறுப்பும் சிவில் நீதிமன்றத்துக்கே உரியவை என்று 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் மகள் தாயிடம், மகன் தந்தையிடம் என்று பொறுப்பைப் பிரித்துவிட்டது.

ஈப்போவைச் சேர்ந்த எம். இந்திரா காந்தியின் போராட்டம் இன்னும் நீண்டது. தம் சம்மதமின்றி மூன்று பிள்ளைகளும் மதம் மாற்றப்பட்டதை எதிர்த்து 2009-இல் தொடங்கினார். 2013-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார், 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். 2018 ஜனவரி 29-ஆம் நாள், கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றனர். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்றனர். பதிவதிகாரியின் செயல் சட்டப்படியானதா என்று ஆராயும் அதிகாரம் சிவில் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்றும், 121 (1ஏ) விதி அதைப் பறிக்கவில்லை என்றும் விளக்கினர். இதை இரு மதங்களின் சண்டையாகப் பார்ப்பவர்கள், அரசு அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்ற அந்தத் தீர்ப்பின் சாரத்தைத் தவறவிடுகிறார்கள்.

“தீர்ப்பு வந்தும் இளைய மகள் பல ஆண்டுகளாகத் தாயிடம் வந்து சேரவில்லையே, பிறகென்ன சட்டம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தீர்ப்பைப் பெறுவது பாதி வழி, அதை நிறைவேற்ற வைப்பது மீதி வழி. ஆனால் தீர்ப்பே இல்லாதவருக்கு நிறைவேற்றச் சொல்லிக் கேட்கவும் இடமில்லை.

எல்லா வழக்கும் இவ்வளவு பெரிதல்ல. தீபகற்பத்தில் ஒப்பந்த மீறலுக்குப் பொதுவாக 6 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அரசு அதிகாரியின் முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்ய வேண்டுமானால், 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் மீதே ஒருவர் வழக்குத் தொடுத்து அழைப்பாணை வந்தால், பொதுவாக 14 நாளில் முன்னிலையாவதாகப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் நம் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வரலாம். “கோர்ட்டு, கேஸ் நமக்கெதற்கு?” என்பது தோட்டப்புறங்களில் பழகிப்போன பேச்சு. அந்த எண்ணத்தில் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தால், நியாயம் நம் பக்கம் இருந்தும் தோற்றுப்போவோம்.

ஆகவே பள்ளிகளுக்கும் தமிழ் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரும்பாலான வழக்கு விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. படிவம் ஆறு மாணவர்களை ஒரு காலைப்பொழுது அழைத்துச் சென்று உட்கார வையுங்கள். சிரம்பானில் அரசின் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் எங்கே இருக்கின்றன என்று காட்டுங்கள். மாணவர்களே, வீட்டுக்கு ஓர் அரசாங்கக் கடிதம் வந்தால் அதைப் பிரித்து, தேதியைப் பார்த்து, பெற்றோருக்குப் படித்துச் சொல்லுங்கள். அரசியலமைப்புப் பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.