பத்தும் ஏழும் யாருக்கு?

மன்னார்குடியில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் பனியனில் எண் அச்சடிக்கக் கொடுத்தால், பத்து யாருக்கு, ஏழு யாருக்கு என்றுதான் முதல் சண்டை. நல்ல சண்டைதான்!

பெரியவர்களுக்கு அந்தச் சண்டையே பிடிக்கவில்லை போலும். டெண்டுல்கர் 2013-இல் ஓய்வு பெற்றார். 2017-இல் கொழும்பில் ஷர்துல் தாக்கூர் பத்தாம் எண்ணுடன் இறங்கியதும் ரசிகர்கள் பரிகசித்தார்கள். பாவம், அன்றுதான் அவருக்கு முதல் ஒருநாள் ஆட்டம்! பிறகு 54-க்கு மாறிக்கொண்டார். கிரிக்கெட் வாரியமும் பத்தைப் பூட்டி வைத்தது. 2023-இல் தோனியின் ஏழுக்கும் அதே கதி.

கால்பந்தில் மாரடோனாவின் பத்தை அர்ஜென்டினாவும் பூட்டத்தான் பார்த்தது. 2002 உலகக் கோப்பையில் சர்வதேசச் சம்மேளனம் இடம் கொடுக்கவில்லை. 2022-இல் மெஸ்ஸி கோப்பையை ஏந்தியது அந்தப் பத்தாம் எண்ணில்தான்.

மன்னார்குடிப் பையன் ஒருவன் நாளை இந்திய அணியில் சேர்ந்தால், அவனுக்குப் பத்தும் கிடையாது, ஏழும் கிடையாது.