குற்றம் எது? தண்டனை எது?

சகோதரர்களே! ஒரு மாணவனைப் பள்ளியை விட்டே நீக்கத் தகுந்த குற்றங்கள் எவை? கத்தியோடு வருவது, போதைப் பொருள் விற்பது, ஆசிரியரை அடிப்பது, மாணவிகளிடம் அத்துமீறுவது. இவற்றுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நடப்பது என்ன? ஒன்பதாம் வகுப்பில் மார்க் குறைந்தால் அதுவும் குற்றம்! ஃபீஸ் தாமதமானால் குற்றம்! பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டுமாம். அதற்குப் பலி நம் பிள்ளைகளா?

1985ல் கேரளத்தில், யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடவில்லை என்று நீக்கப்பட்டார்கள். மரியாதையாக எழுந்து நின்றவர்கள்தாம். நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. 1986ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. நிர்வாகத்துக்குப் பிடிக்காததெல்லாம் குற்றமாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். இது சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக நம்மவர் நடத்தும் பள்ளிகளே நம் பிள்ளைகளை விரட்டலாமா? சமுதாயத்தின் பணத்தில் கட்டிய கட்டடம் யாருக்காக?

வியாபாரப் பெருமக்களே! 'சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. பெறுகிறேன்' என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். பையன் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கேளுங்கள். தவறு செய்திருந்தால் திருத்துங்கள். 'சரி, கடையில் உட்காரட்டும்' என்று அழைத்து வந்துவிட்டால், அவனை நீக்கியது பள்ளி அல்ல, நீங்கள்தான்!