கிழமாட்டுக்கு யாரு தீனி போடுறது?

போன வாரம் சென்னையில இருக்கிற என் தங்கச்சி மகன் ஒரு வீடியோ அனுப்பினான். லாரியில மாடுகளை நெருக்கி அடைச்சுக் கொண்டு போறாங்க. "மாமா, இதையெல்லாம் விக்கிறது விவசாயிங்கதானே?"ன்னு கேட்டிருந்தான்.

ஆமா மாப்ளே, நாங்கதான். நானும் ஒண்ணு வித்திருக்கேன்.

சிவப்பி எங்க வீட்டுல பொறந்த ஜெர்சி கலப்பு. ஏழு ஈத்து. அவ பால் ஊத்தின காசுலதான் பொண்ணு காலேஜ் முடிச்சா. பன்னெண்டாவது வயசுல சினை நிக்கல. ஊசி போட்டுப் பார்த்தோம், ஒண்ணரை வருஷம் காத்தோம். கடைசியில புதன்சந்தைக்கு ஓட்டிட்டுப் போனேன். அன்னிக்குக் காலையில என் வீட்டுக்காரி வெளியவே வரல. கயித்த மட்டும் அவுத்து எடுத்துக்கிட்டு வந்தேன்.

கல்நெஞ்சம்னு நினைக்கலாம். கணக்கையும் கொஞ்சம் கேளுங்க. தட்டு, தவுடு, புண்ணாக்கு எல்லாம் சேர்த்து எங்க வீட்டுல ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய்க்குக் குறையாது. வருஷத்துக்கு 36,500. மாடு இன்னும் அஞ்சு வருஷம் இருந்தா 1,82,500. ரெண்டு ஏக்கர் மானாவாரி வச்சிருக்கிறவன் இதை எங்கிருந்து எடுப்பான்?

2017 மே மாசம் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்துச்சு. அறுப்புக்குன்னு சந்தையில மாடு விக்கக் கூடாது, வாங்குறவன் விவசாயின்னு காகிதம் காட்டணும், ஆறு மாசத்துக்குத் திருப்பி விக்கக் கூடாதுன்னு. அதே மாசக் கடைசியில மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை போட்டது. ஜூலையில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க ஆக்கினது. டிவியில ரெண்டு பக்கமும் கத்தினாங்க. பால் நின்ன மாட்டுக்கு நாளைக்கு யார் தீனி போடுறதுன்னு மட்டும் யாரும் பேசல.

நம்ம மாநிலத்துல 1958 சட்டப்படி பத்து வயசு தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைத்தான் சான்றிதழோட அறுக்கலாம். 1976ல பசுவையும் கிடேரியையும் அறுக்கவே கூடாதுன்னு அரசாணை வந்துச்சு. அதனால பசு பிழைச்சுதா? கேரளாவுல பசுவுக்கு அந்தத் தடை இல்ல. மாடு அங்க போகுது. பயணம்தான் நீண்டுச்சு.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். அங்க குதிரை செல்லப் பிராணி. 2007ல கடைசியா இருந்த குதிரை அறுப்புக்கூடங்களை மூடினாங்க. வேண்டாத குதிரைங்க ட்ரக் ஏறி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போச்சு. கருணையில போட்ட சட்டம் சாவை நிறுத்தல, சாவுக்கு முன்னாடி படுற பாட்டைத்தான் கூட்டினது.

மாப்ளே, லாரி விஷயத்துல நீ சொல்றது சரி. மிளகாய்ப் பொடியைக் கண்ணுல தேய்ச்சு, வாலை முறிச்சு ஏத்துறது பாவம். விலங்குகளைக் கொண்டு போறதுக்கு 1978லயே விதி இருக்கு. செக்போஸ்ட்டுல அதைச் சரியா பாருங்க. எத்தனை மாடு ஏத்தலாம், எங்க தண்ணி காட்டணும்னு கண்டிப்பா இருங்க. அதுக்கு நான் முழு ஆதரவு.

ஆனா விக்கவே கூடாதுன்னு சொன்னா, அதுக்கான செலவையும் சேர்த்துச் சொல்லணும். கறவை நின்ன மாட்டுக்கு அரசு மாசாமாசம் தீவனக் காசு கொடுக்கட்டும், இல்லன்னா லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட வச்சுப் பால் குடிக்கிறவங்க கொடுக்கட்டும். நான் சந்தோஷமா வச்சுப் பார்த்துக்கிறேன். ரெண்டும் முடியாதுன்னா, பக்கத்துலயே டாக்டர் பார்த்து, வதைக்காம முடிக்க வழி விடுங்க. ரெண்டையும் மறுத்துட்டு எங்களை மட்டும் திட்டுறது நியாயமில்லைங்க.

இப்போ கட்டுத்தறியில சிவப்பியோட பேத்தி ஈன்ற காளங்கன்னு நிக்குது. வயசு மூணு மாசம். உழவுக்கு ட்ராக்டர் வந்து இருபது வருஷமாச்சு, பொலிக்கு ஊசி வந்துடுச்சு. வியாபாரி ரெண்டு தடவை வந்து கேட்டுட்டான். நான் இன்னும் பதில் சொல்லல.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அதுக்கு ஒரு வழி யோசிச்சுக்கிட்டு வா மாப்ளே.