எந்த பீல் நல்லம் டீச்சர்?



போன வாரம் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் சாதாரண தரம் படித்தவள். மாஸ்க் போட்டிருந்தாள். உள்ளே வந்து இருந்த பிறகும் கழற்றவில்லை.

"என்ன புள்ள, தடிமலா?" என்று கேட்டேன்.

கழற்றினாள். இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டு. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. முகம் வெளுக்கும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்து, ஒன்லைனில் சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து, குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று தானே பூசியிருக்கிறாள். போத்தலை வாங்கிப் பார்த்தேன். ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம், 35%.

அவள் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. "பிழையானத வாங்கிட்டனா டீச்சர்? எந்த பீல் நல்லம்?"

நான் டொக்டர் இல்லை. கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்த ஒரு ஆசிரியை. ஆனாலும் இதை எங்கட பிள்ளைகளுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

கெமிக்கல் பீல் என்றால் அமிலத்தைப் பூசி, தோலின் மேல் படையை அளவோடு உரியச் செய்வது. அது கெட்ட விஷயம் இல்லை. பருவுக்கும், பரு விட்டுப்போன தழும்புக்கும், கருந்திட்டுக்கும் தோல் வைத்தியர்கள் செய்கிற ஒரு சிகிச்சைதான். அமிலம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை வைத்து மூன்று வகை: மேலோட்டமானது, நடுத்தரமானது, ஆழமானது. அந்தப் பிள்ளை வீட்டில் பூசியது நடுத்தர வகை. ஆழமான வகைக்குப் பாவிக்கும் பீனோல், இதயத் துடிப்பையே குழப்பக்கூடியது. அதைச் செய்யும்போது இதயத்தைக் கண்காணிக்கும் கருவி பக்கத்தில் இருக்க வேண்டும்.

கூடுதலாக உரித்தால் கூடுதலாக வெளுக்கும் என்று நினைக்கிறோம். எங்கட தோலுக்கு இது நேர்மாறு. நுளம்பு கடித்துச் சொறிந்த இடம், கொப்புளிப்பான் ஆறிய இடம், சின்ன வயதில் விழுந்த முழங்கால் எல்லாம் என்ன நிறத்துக்கு மாறியது? கறுப்பாகத்தானே. மண்ணிறத் தோல் காயப்பட்டால் மெலனினைக் கூடுதலாகச் சுரக்கும். முகத்தில் இருப்பதும் அதே தோல்தான். அமிலம் சுட்டாலும் காயம் காயம்தான்.

ஆகவே எங்களுக்குப் பொருத்தமானது பெரும்பாலும் மேலோட்டமான, மென்மையான பீல். ஒரே நாளில் முடிக்காமல், சில வார இடைவெளி விட்டுப் பல தடவை செய்வது. அதிலும் எல்லாம் ஒன்றல்ல:

• எண்ணெய்த் தோல், பரு உள்ளவர்களுக்கு சலிசிலிக். அது எண்ணெயில் கரைவதால் துவாரத்துக்குள் போகும்.
• உணர்திறன் கூடிய தோலுக்கு லக்டிக் அல்லது மண்டெலிக். இவை தோலுக்குள் மெதுவாக இறங்கும்.
• கருந்திட்டுக்கும் மங்கலான தோலுக்கும் கிளைகோலிக். இது வேகமாக இறங்கும். நேரம் பார்த்து நடுநிலையாக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் சுட்டுவிடும்.

இதை வாசித்துவிட்டு நீங்களே தெரிவு செய்ய வேண்டாம். வைத்தியரோடு பேசும்போது விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன். கடுமையான பீல்களை வைத்திய மேற்பார்வை இல்லாமல் வாங்கிப் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே 2024 ஜூலையில் எச்சரித்தது.

வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா, பருவுக்கு ஐசோட்ரெடினொயின் குளிசை எடுத்தீர்களா, உதட்டில் கொப்புளம் வருவதுண்டா, காயம் ஆறும்போது தழும்பு தடித்து எழும்புமா. முக்கியமாக, இதுவரை என்ன கிறீம் பூசினீர்கள்? பெயரில்லாத டப்பாக்களில் வரும் வெள்ளையாக்கும் கிறீம்களில் ஸ்டெரொயிட் இருக்கலாம், பாதரசமும் இருக்கலாம். ஸ்டெரொயிட் மாதக்கணக்கில் தோலை மெலிய வைத்த பிறகு அதன்மேல் அமிலம் போட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

பீல் செய்த பிறகு வெயில்தான் பெரிய எதிரி. எஸ்பிஎப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீம் பூச வேண்டும். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். உரியும் தோலை இழுக்கக் கூடாது. கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது முதல் பீல் செய்யவே வேண்டாம்.

"தோல் டொக்டரிடம் போகக் காசு எங்க?" என்று கேட்பீர்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல் கிளினிக் இருக்கிறது, காசில்லை. வரிசையில் ஒரு காலைப் பொழுது போகும். அந்தப் போத்தலால் என் மாணவிக்குப் போனது அதைவிட அதிகம்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும்.

அந்தப் பிள்ளை ஏன் பூசினாள்? பெண் பார்க்க வந்த வீட்டில் ஒருவர் சொன்னாராம், "புள்ள நல்ல புள்ளதான், நிறம்தான் கொஞ்சம் கம்மி" என்று. வீடும் கொடுத்து நகையும் போட்ட பிறகும் தோலில் ஒரு குறை கண்டுபிடிக்கிறோம். கடைக்காரனை மட்டும் ஏசி என்ன பயன்? அவனுக்கு வியாபாரத்தைத் திறந்து கொடுத்தது எங்கட வாய்.

இதில் நானும் சுத்தமில்லை. பரிசளிப்பு விழாவில் அதிதிக்குப் பூச்செண்டு கொடுக்க "வெள்ளையான ஒரு புள்ளயக் கூப்பிடுங்க" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வகுப்பில் கூப்பிடப்படாமல் இருந்த பிள்ளைகளின் முகங்கள் இந்த ஒரு வாரமாக எனக்கு ஞாபகம் வருகின்றன. இவளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

அவளைத் தோல் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். திட்டு மங்கும், ஆனால் பல மாதம் எடுக்கும் என்றார் டொக்டர். கல்யாணத்துக்கு முன் முழுதாகப் போகாது. வரும்போது பஸ்ஸில் அவள் மாஸ்க்கைக் கழற்றவேயில்லை.

அவளுக்காக துஆச் செய்யுங்கள். உங்கட வீட்டிலும் அப்படியொரு போத்தல் இருந்தால், திறக்க முதல் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். அதுக்கும் முதல், அந்தப் பிள்ளையிடம் அவள் நிறத்தைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.