தேர்வில் எதைக் கேட்பது என்பதும் சமூகநீதிதான்

சமயபுரம் சுற்றுவட்டாரக் காலனிகளில் இருந்து டிப்ளமோ, பொறியியல் முடித்து வரும் நம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சர்வர் வேலை எட்டாத உயரம் அல்ல. லினக்ஸ் இலவசம். பழைய கணினி ஒன்று கிடைத்தால் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். 2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. நம்மில் பலர் தொட்ட முதல் லினக்ஸ் அதுதான்.

ஆனால் வேலை என்று போனால் "சர்டிபிகேட் இருக்கா?" என்கிறார்கள். கம்பெனிக்குள் சொல்லிவிட மாமனோ சித்தப்பாவோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ்தான் சிபாரிசு. ஆகவே அந்தத் தேர்வில் எதைக் கேட்பது, அதை யார் முடிவு செய்வது என்பது நம் பிரச்சினையும்தான்.

உயர்நிலைத் தேர்வுகளில் இரண்டு வழிகள் உண்டு. எல்பிஐசி-2 தேர்வில் இரண்டு தாள்கள். தாளுக்கு 60 கேள்விகள், 90 நிமிடம். விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். ரெட்ஹாட்டின் ஆர்ஹெச்சிஇ தேர்விலோ கணினி முன் உட்காரவைத்து வேலை கொடுக்கிறார்கள். இணையம் கிடையாது. கணினியிலேயே இருக்கும் கையேட்டைப் பார்க்கலாம். சொன்ன வேலை நடந்திருக்கிறதா என்பதற்குத்தான் மதிப்பெண்.

இரண்டாவது வழியே நியாயம் என்கிறோம். எந்தக் கட்டளைக்கு எந்த எழுத்து என்று மனப்பாடத்தைச் சோதித்தால், கேள்வித் தொகுப்புக்குப் பணம் கட்டியவர் முந்துவார். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் கையேட்டைத் திறக்காத நிர்வாகி யார்? பூட் ஆகாத கணினியை எழுப்பச் சொல்லுங்கள். லாக்கைப் படித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ரெய்டில் கெட்டுப்போன டிஸ்கை மாற்றி, பேக்கப்பில் இருந்து தரவை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். செய்ததை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி வைக்கச் சொல்லுங்கள். சரிசெய்யப்பட்ட சர்வர் யாருடைய ஊரையும் தெருவையும் கேட்பதில்லை.

எல்பிஐயிடமும் கற்க ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனியின் லினக்ஸையும் சாராத தேர்வு அது. வேலையில் இருக்கும் நிர்வாகிகளிடம் கருத்துக் கேட்டே பாடத்திட்டத்தை வகுக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களிடம்தானே கேட்க முடியும்? உள்ளே நம்மவர்கள் எத்தனை பேர்? இருக்கும் சிலராவது அந்தக் கருத்துக்கணிப்புகளில் பேச வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்குச் செலவு கூடும் என்பார்கள். உண்மைதான். அந்தக் கட்டணத்தை தாட்கோவும் 'நான் முதல்வன்' திட்டமும் ஏற்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்து அரசுக் கணினிகளில் லினக்ஸைக் கொண்டுவந்தவர் தலித் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர். 2010ல் அவருடைய சாதிச் சான்றிதழையே சந்தேகித்துப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். செய்து காட்டியவரிடமே சான்றிதழ் கேட்ட நாடு இது. அதனால்தான் சொல்கிறோம்: மனப்பாடத்தை அல்ல, செய்து காட்டுவதைச் சோதியுங்கள். 'தகுதி, திறமை' யாருடையது என்பது தானாகத் தெரியும்.

ஜெய்பீம்!