சனிக்கு இடியாப்பம்

நத்தம் பக்கம் மொட்டைமாடியும் கம்ப்யூட்டரும் வாய்த்த பிரம்மச்சாரிகள் கவனத்துக்கு: ஸ்டெல்லேரியம் என்றொரு வான்வெளி சாஃப்ட்வேர், இலவசம். பாதை காட்டும் பட்டனைத் தட்டி, வியாழனைக் கிட்டே இழுங்கள். நிலாக்களின் சுற்றுப்பாதைகள் நசுங்கிப்போய் ஏறக்குறைய நேர்கோடாகத் தெரியும். ரிப்பேர் இல்லை சார். தோசைக்கல்லைக் கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், புரியும். 1610-ல் கலிலியோ கண்டதும் வரிசையாகப் புள்ளிகள்தான். அவை இப்படியும் அப்படியும் நகர்ந்ததை வைத்தே, வியாழனைச் சுற்றுகின்றன என்று பிடித்துவிட்டார் மனுஷர்.

கோடு வெறும் அலங்காரமில்லை. 1972-ல் கானிமீட் நிலா ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகும் நேரத்தைக் கணக்குப் போட்டு வைத்து, நம்ம காவலூரில் டெலஸ்கோப்போடு காத்திருந்தார்கள். அங்கே காற்று மண்டலம் இருப்பதற்குத் தடயம் கிடைத்தது!

சனிக்கு மட்டும் எல்லாக் கோடும் கேட்காதீர்கள். 2025 மார்ச்சில் அதன் நிலாக் கணக்கு 274. திரையில் இடியாப்பம்தான். பைனாகுலர் கடன் வாங்கி வியாழனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.